சுற்றி வந்த தாள்

17-7-2003, வியாழன்

துறைக் கூட்டத்தில் இன்று வாயைத் திறந்துவிட்டேன். துறைத்தலைவர் எழுதிய புத்தகத்தைப் பிள்ளைகளை வாங்கச் சொல்லாமல், நாமே பாடக்குறிப்பு எழுதி, ஜெராக்ஸ் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் கொடுக்கலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"நல்ல யோசனைம்மா. சம்மதிக்கிறவங்க கையெழுத்து போடுங்க" என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். என் கையெழுத்து மட்டும் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் வேலை நீட்டிப்பும் அவர் கையில்தான்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை கூட வந்த சக விரிவுரையாளர் மாலதி மெல்லக் கேட்டாள்: "அக்கா, நோட்ஸ் எழுதினா எனக்கும் ஒரு காப்பி குடுங்க. சாருக்குத் தெரிஞ்சா பேஜாரு."

கோபம் வந்தது. ஆனால் போன வருடம் அந்தப் புத்தகம் வாங்காதவர்களை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தவள் நானும்தான். அதற்கு யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.