சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்

என்னங்க,

நேற்றைய கோபம் ஆறாமல், உங்கள் கஞ்சாப் பொட்டலத்தைக் காலையில் குப்பையில் போட்டேன். பிறகு நானே எடுத்து, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

கீமோ தொடங்கிய பிறகு நேற்றுதான், அதைப் பிடித்ததும், தட்டைக் காலி செய்தீர்கள். அப்புறம் ஒரு மணி நேரம் இருமினீர்கள். நான் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? டாக்டரைக் கேட்டால், "குமட்டல் கொஞ்சம் அடங்கலாம்மா, ஆனா புகை நுரையீரலுக்கு ஆகாது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக் குடியுங்கள். உங்கள் தங்கை வந்தால் பொட்டலத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

பி.கு.: மருந்துக்கடையில் ஊருக்கெல்லாம் வேளை எழுதி ஒட்டுகிறவள் நான். இந்தப் பொட்டலத்திலும் சீட்டு ஒட்டினேன். எந்த வேளைக்கு என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை. ஆறு மணிக்கு வந்துவிடுவேன், அதுவரை பிரிக்காதீர்கள்.

பிரித்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.