மூன்றாம் தொட்டியில் வேப்பிலை

திருப்பதி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். கண் மறைப்பது கூடிவிட்டதா? தம்பி இதைப் படித்துக் காட்டட்டும்.

வைரஸ் ஏற்றியும் பிழைக்கிற ஜிலேபி மீன்களின் மரபணுவை இங்கே ஆராய்கிறோம். நேற்று தொட்டி கழுவும் பச்சையம்மாள் இரக்கப்பட்டு, மூன்றாம் தொட்டியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுவிட்டார்.

"மீனுக்கு அம்மை போட்டுக்குது மேடம், சும்மா பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா?" என்றார்.

எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனாலும் திட்ட வாய் வரவில்லை. இனி எந்த மீன் எதனால் பிழைத்தது என்று சொல்ல முடியாது. சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் உங்கள் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாதப்பா. தள்ளிப்போடாமல் தம்பியோடு போய் வாருங்கள்.

கட்டு அவிழ்த்ததும் போன் வேண்டாம். உங்கள் கையால் நான்கு வரி எழுதிப் போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அவசரமாக,
பிரமிளா