பரங்கிப் புஞ்சை

10-9-98, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. புரட்டாசி பிறக்கப்போகிறது, பொட்டு மேகம் இல்லை. கம்பெனியில் தீப்பெட்டி பண்டல் ஏற்ற வந்தவர் பேச்சுவாக்கில்: "பசுவந்தனைக்குப் பக்கம் எங்க ஊரு. பரங்கிப் புஞ்சைன்னு ஒண்ணு இருக்குக்கா." எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

எங்கள் வம்சத்து முதல் ஆள் பரங்கி, வெள்ளைக்காரர். இருநூறு வருஷத்துக்கு முந்தி பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். புதுச்சேரிக் கோட்டை இங்கிலீஷ்காரனிடம் போனதும் தெற்கே ஓடிவந்தவர். கரிசலில் பருத்தி போட்டு, உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார். தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அப்பாவின் கோபம். "செத்தவருக்குப் பசுவந்தனைப் பக்கத்தானுவ ஆறடி மண்ணு குடுக்கல. பொண்டாட்டி பிள்ளையள வெரட்டி விட்டானுவ." அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. பசுவந்தனை போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மெட்ராஸிலிருந்து தம்பி போன். சொன்னேன். "பிரான்ஸ் விசா கெடைக்குமாக்கா?" அவன் கவலை அவனுக்கு.

13-9, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னது, சாத்தூரில் கல்யாணம். போனது பசுவந்தனை. இறங்கி நடை. செருப்பு அறுந்தது.

புஞ்சையில் உழவு. கண் தெரியாத புழுதி. நேராக வந்த டிராக்டர் ஓரிடத்தில் மட்டும் வளைந்து ஒதுங்கிப் போகிறது. ஒவ்வொரு தடவையும். நடுவில் உழாத மண், கட்டில் போடுகிற அளவு.

ஓட்டுகிறவர் புஞ்சைக்காரர் ராமசாமி, ஐம்பது இருக்கும். ஏன் என்று கேட்டேன்.

"அங்கன உழ மாட்டோம்மா. எங்க வீட்டு மாப்பிள்ளை படுத்திருக்காரு. எங்க வீட்டுப் பொண்ணக் கட்டுன பரங்கி மாப்பிள்ளை. 'காலை இடிச்சிராதலே'ன்னு எங்கய்யா சொல்லுவாரு. அவிய அய்யாவும் அப்படித்தான் சொன்னாராம்."

"பொண்டாட்டி பிள்ளைகளை விரட்டிட்டாங்களாமே?"

"யாரு வெரட்டுனா? பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாம அவியளே கெளம்பிட்டாவ. திரும்பி வருவாவன்னுதான அந்த எடத்த விட்டு வச்சிருக்கோம்."

நான் யாரென்று சொன்னேன். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எனக்கு அழுகை. ஒரு சாண் மண்ணைக்கூட விடாத சம்சாரிகள். தலைமுறை தலைமுறையாக எத்தனை பேர் இங்கே மாட்டை ஒதுக்கி ஓட்டியிருப்பார்கள்! ஒருவர் பெயரும் தெரியாது. அத்தனை பேரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது. ராமசாமி அண்ணாச்சியைக் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டு, மோர் கொண்டுவரச் சொல்லி வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

15-9, செவ்வாய்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாத்தூர்ப் பொய்க்கு முதலில் திட்டு. அப்புறம், "ஏட்டி, எவனோ கதை விட்டிருக்கான்." மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அவராகவே:

"எம்புட்டு எடம் விட்டிருக்கான்?"

"கட்டில் அளவுப்பா."

சலவை வேட்டி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டு விசா கிடையாது, புஞ்சை உண்டு என்றேன். சிரித்தான்.

20-9, ஞாயிறு

மூட்டம். வாங்கியது: மாலை, சூடம், பழம், சேவு, கடம்பூர் போளி, ராமசாமி அண்ணாச்சி வீட்டு அம்மாவுக்கு ஒரு சேலை. அப்பா சவரம் செய்துகொண்டு, சலவை வேட்டி. அங்கே போய்ச் சண்டை போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

ஊர் முகப்பிலேயே ராமசாமி அண்ணாச்சி. "வாங்க மாமா." புஞ்சைக்குப் போனதும் அப்பா செருப்பைக் கழற்றினார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"ஒங்களையெல்லாம் இத்தன வருசமா வைஞ்சுக்கிட்டே இருந்துட்டேன்யா."

"வையுத உரிமை ஒங்களுக்கு இல்லாம வேற யாருக்கு மாமா? எந்திரிங்க, சோறு ஆறுது."

கோழிக்குழம்பு. அப்பா மறுசோறு வாங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒருவர், "அண்ணாச்சி வெளியூரா? இங்கன யாரு வீட்டுக்கு வந்திய?"

நான் வாயெடுப்பதற்குள் அப்பா: "மாமன் வீட்டுக்கு."