விரல் வைத்த இடம்

சேசு மரி சூசை துணை
மொரப்பூர், 4-2-1987

என் மகன் அருள்நாதனுக்கு அப்பன் சவுரியப்பன் சொல்லி எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் சுகம். புளி உலுக்கத் தொடங்கிவிட்டோம்.

உன் கழுத்துக் கட்டி புற்றுதான் என்று தெரிந்த அன்று ஆத்தா சாப்பிடவில்லை. மருந்து ஏற்றினால் குணமாகும் என்கிறாய், நல்லது. அதற்கு முன்னால் உன் ரத்தத்தை எடுத்துப் பனியில் உறையவைக்கப் போகிறார்களாம், அதற்கு நான் காகிதத்தில் விரல் வைக்க வேண்டுமாம். வாத்தியார் படித்துச் சொன்னார். உன் ரத்தத்துக்கு என் விரல் எதற்கு?

எமர்ஜென்சி வருஷம் புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ரேஷன் அட்டைக்கு என்று சொல்லித்தான் என் விரலை மையில் உருட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கருத்தடை முகாமில் அறுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் உன் தம்பி காமாலையில் போனான். அன்றிலிருந்து எந்தக் காகிதத்திலும் நான் விரல் வைத்ததில்லை.

சவுரியப்பன்
(ரேகை வைக்க மாட்டேன் என்கிறார். எழுதியது: அல்போன்ஸ், ஆசிரியர்)


பம்பாய், 10-2-1987

அப்பாவுக்குத் தோத்திரம்.

நான் எழுதியது ரத்தம் இல்லை, விந்து. வாத்தியார் கூச்சப்பட்டு மாற்றிப் படித்திருக்கிறார். சார், இந்த முறையாவது எழுதியபடி படியுங்கள்.

மருந்து ஏற்றினால் பிறகு எனக்குப் பிள்ளை பிறக்காமல் போகலாம். அதனால் முன்பே எடுத்து வைக்கிறார்கள். அது யாருக்குச் சொந்தம், எத்தனை வருஷம் வைக்கலாம் என்பதற்கு நம் நாட்டில் இன்னும் சட்டம் இல்லை. பின்னால் வழக்கு வரக் கூடாது என்று டாக்டரே ஒரு காகிதம் அடித்திருக்கிறார். நான் கல்யாணம் ஆகாதவன், அதனால் அப்பாவின் சம்மதமும் வேண்டுமாம். ஆங்கிலத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை மருந்து தொடங்குகிறது. அதற்குள் காகிதம் வர வேண்டும்.

வேறொன்றும் இல்லை அப்பா. விரல் மட்டும்தான்.

உங்கள் மகன்
அருள்நாதன்


சேசு மரி சூசை துணை
மொரப்பூர், 16-2-1987

மகன் அருள்நாதனுக்கு,

ரேஷன் அட்டைக்காரனும் இதையேதான் சொன்னான். "வேற ஒண்ணுமில்லீங்க பெரியவரே, விரல் மட்டும்தான்."

இந்த முறை வாத்தியார் வேர்த்து வேர்த்துப் படித்தார். ஒருவர் படித்து நான் நம்புகிறவன் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு அரூர் பஸ் ஏறி, இன்னொருவரிடம் கொடுத்தேன். அது யார் என்று இப்போது வேண்டாம். வாத்தியார் படித்தது பதினோரு வரி. அங்கே படித்தது பன்னிரண்டு. பத்தாவது வரியை வாத்தியார் விழுங்கியிருக்கிறார். "நான் இறந்தால் சேமித்ததை அழித்துவிட வேண்டும். என் குடும்பத்தாருக்கு அதில் உரிமை இல்லை."

திரும்பி வந்து வாத்தியாரைக் கேட்டேன். "உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு அத எப்படிங்க படிப்பேன்" என்கிறார்.

குணமாகப் போகிறவனுக்குச் சாவைப் பற்றி ஒரு வரி எதற்கு? அது டாக்டர் போட்டதா, நீ போட்டதா?

சவுரியப்பன்
(ரேகை இல்லை. என்னைப் பற்றிச் சொன்னதையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அல்போன்ஸ்)


பம்பாய், 21-2-1987

அப்பாவுக்குத் தோத்திரம்.

நான்தான் போடச் சொன்னேன். நூற்றுக்கு எழுபது பேர் பிழைக்கிறார்கள் என்கிறார் டாக்டர். மீதி முப்பதில் நான் இருந்துவிட்டால்? உங்களை எனக்குத் தெரியும் அப்பா. அந்தக் குப்பியைக் காட்டி, நம்ம வூட்டு வாரிசு என்று ராயம்மாளைப் பிடித்து வைப்பீர்கள். நிச்சயம் மட்டும் ஆனவள், தாலி ஏறாதவள்.

ஈஸ்டர் கழிந்து கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எனக்குக் கட்டி என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மற்றதைச் சொல்ல வேண்டாம். அந்த வரியோடு விரல் வைத்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் நான் எதையும் எடுத்து வைக்கப் போவதில்லை.

அருள்நாதன்


சேசு மரி சூசை துணை
அரூர், 27-2-1987

மகன் அருள்நாதனுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வரியையும் படித்தவள் இவள்தான். டைப்ரைட்டிங் வகுப்பு வாசலில் நின்று, வாத்தியார் ரத்தம் என்று மாற்றிய சொல்லை உள்ளபடி சொன்னாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று உன் கடிதத்தையும் இவளிடம்தான் கொடுத்தேன். படித்து மடித்துவிட்டுச் சொன்னாள்: "என்ன யாரும் புடிச்சு வெக்க வேணாம் மாமா. விட்டுட்டுப் போறதயும் அவரு ஒருத்தரே முடிவு பண்ண வேணாம்."

என்னிடம் ஒரு வாக்கும் வாங்கினாள். நீ இல்லாமல் போனால், வைப்பதா அழிப்பதா என்பது இவள் சொல். நானும் உன் ஆத்தாவும் வாய் திறக்கக் கூடாது. மாதா மேல் ஆணையிட்டுக் கொடுத்தேன். நீ நினைத்தது சரிதான், இவள் வாக்குக் கேட்காவிட்டால் பிடித்துத்தான் வைத்திருப்பேன். நீ எழுதியபடி ஓலையை நிறுத்தக் கோயில் சாமியாரிடம் போனேன். நிறுத்தாதீங்க என்று இவள் எனக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காகிதத்தில் விரல் வைத்துவிட்டேன். அடியில் கோடு போட்ட இடத்தில் அல்ல. பத்தாவது வரி எது என்று ராயம்மாள் தொட்டுக் காட்டினாள். அவள் விரலை எடுத்த இடத்தில் என் விரலை வைத்து, மேலே உள்ள ஆங்கிலத்தையும் சேர்த்து, வரி முடியும்வரை மூன்று முறை உருட்டினேன். மை கொஞ்சம் அதிகம்தான். இனி அதை எந்த வாத்தியாராலும் படிக்க முடியாது. டாக்டர் கேட்டால், அப்பன் படிக்காதவன், இடம் தெரியாமல் வைத்துவிட்டான் என்று சொல். இதற்குச் சட்டமே இல்லை என்று நீதானே எழுதினாய்? அப்புறம் இடம் தப்பு என்று எவன் சொல்வான்?

திங்கட்கிழமைக்கு முன்னால் போய் எடுத்து வை.

சவுரியப்பன்
(இடது பெருவிரல் ரேகை)

(ஒரு வரியும் விழுங்கவில்லை. ராயம்மாள்)