வண்ணமீன் கடைக்குக் கேட்ட பூ

நாமக்கல்
ஆவணி மாதம், 1984

அன்பு மகன் அர்த்தநாரிக்கு, அய்யன் அங்கமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நாக்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று அவள் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறாள். உன் கடிதம் கிடைத்தது. போர் போடும் ரிக் ஆபீஸில் கணக்கு வேலையோடு சமையலும் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து உன் அம்மா தட்டில் சோறு போடும்போது, அவன் ரசமாவது ஒழுங்காக வைப்பானா என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன நாக்பூர் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டா வந்தேன். அவள் விசாரம் அப்படி. எனக்கும் அதே விசாரம்தான், வாய்விட்டுச் சொல்வதில்லை.

நம் கடை சங்கதிக்கு வருகிறேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தப் பொந்தில் இந்தச் சித்திரை வெயில் என்ன பாடு படுத்தியது என்று போன கடிதத்திலேயே எழுதினேன். ஏஞ்சல் மீன்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கல்கத்தா போய் வரும் லாரிக்காரர்கள் பை பையாக மீன் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் சிலிண்டரிலிருந்து மீன் பைக்குள் ஆக்சிஜன் காற்றும் பிடித்துக் கொடுக்கிறார்கள், ஆனால் தொட்டி வைக்கத்தான் இடமில்லை. வாங்க வருகிறவர்கள் ரோட்டில் நின்றபடியே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் மோகனூர் ரோட்டில் செங்கோட்டையன் தன் வீட்டு முன்பக்கம் கட்டியிருக்கும் பெரிய கடையைக் கேட்டேன். நல்ல உயரம், பின்னால் கிணறு, மூன்று பக்கமும் தொட்டி அடுக்கலாம். மனிதர் சுத்த சைவம். ஏனுங்க அங்கமுத்து, மீனுன்னாக் கவிச்சி அடிக்குமுங்களே, நாங்க குடியிருக்கிற ஊடுங்க என்றார். அவரைக் கடைக்குக் கூட்டிவந்து ஒவ்வொரு தொட்டியாக மோந்து பார்க்க வைத்தேன். கடைசியில் அவரே இரண்டு கோல்டுபிஷ் வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அட்வான்ஸ் பெரிதாகக் கேட்டுவிட்டார்.

அந்தப் பணத்துக்கு நான் அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. எருமப்பட்டியில் உன் மாமன் அருணகிரி வெங்காயம் விற்று வைத்திருந்தான். மச்சான், கொழம்புக்கும் ஆகாத மீனுக்கு எதுக்குங்க இத்தாம்பெரிய கடை என்று சிரித்தான். புதுச்சத்திரத்தில் உன் அத்தை பொன்னாத்தாளிடம் கோழிப்பண்ணைப் பணம் இருந்தது. அவள், அண்ணா, பையன் வடக்க சம்பாரிக்கறான், அவனைக் கேக்காம எங்களைக் கேக்கறீங்களே என்றாள். உன்னிடம் வாங்கினால், அந்தக் கடை நிற்பதற்காகவே நீ அங்கே நிற்க வேண்டி வரும் என்பது அவளுக்கு எங்கே தெரியப் போகிறது. கடைசியில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். குலசாமி கோயிலில் பூக் கேளுங்கள், வெள்ளை வந்தால் பணம் தருகிறோம், சிவப்பு வந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்றார்கள். செங்கோட்டையனும் அதுதான் சரி என்றுவிட்டார்.

எனக்கு இதிலெல்லாம் எவ்வளவு நம்பிக்கை என்று உனக்குத் தெரியும். உன் அம்மா ஓணான் குறுக்கே போனாலும் நின்று யோசிப்பவள், அவளைக் கேலி செய்தே பாதிக் காலம் ஓட்டியவன் நான். ஆனாலும் கடை என் பெயரில் இருப்பதால் நான்தான் கேட்க வேண்டும் என்று என்னையே முன்னால் நிறுத்திவிட்டார்கள். பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டார். மனசுக்குள்ள கேட்டுக்குங்க சாமி என்றார். கண்ணை மூடினேன். மாமன், அத்தை, செங்கோட்டையன், உன் அம்மா எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். செங்கோட்டையன் கடைக்குப் போகலாமா என்று கேட்கத்தான் நின்றேன். ஆனால் மனதில் கடை வரவில்லையடா, நீதான் வந்தாய். ரெண்டு பேருக்குச் சோறு போடற அளவுக்குக் கடை ஆகட்டுமுங்க அய்யா, அப்பத் திரும்பி வாரேன் என்று பஸ் ஏறும்போது சொன்னாயே, அந்த முகம்தான் வந்தது. என் மகன் ஊட்டுக்குத் திரும்பி வந்துருவானா என்று கேட்டுவிட்டேன். திருத்திக் கேட்பதற்குள் பூசாரி ஒரு மடிப்பை எடுத்துவிட்டார். வெள்ளை.

உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமன் அங்கேயே மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ணினான், அத்தையும் கொடுத்தாள். எல்லோரும் கடைக்குத்தான் வாக்குக் கிடைத்தது என்று நினைத்தார்கள். நான் கேட்டது வேறு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். மறுநாளே செங்கோட்டையனிடம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஐப்பசியில் தொட்டிகளை மாற்றுகிறோம். உன் அம்மாவுக்குக்கூட நான் இன்னும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன், உன்னைப் பற்றித்தான் கேட்டேன் என்பதால். அர்த்தநாரி, நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. சாயங்காலம் தொட்டி விளக்குகளைப் போட்டதும், இவனுக்கு இது பிடிக்குமே என்று ஒவ்வொரு மீனைப் பார்த்தும் நினைக்கிறேன். இரண்டு பேருக்குச் சோறு போடும் கடை ஆகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது, அது நிச்சயம்.

மணியார்டர் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். முதலாளியிடம் முறையாகச் சொல்லிவிட்டுப் புறப்படு, ரயிலில் ஜன்னல் ஓரம் தலை வைத்துத் தூங்காதே, வெளிச்சாப்பாட்டில் கவனமாக இரு. குலசாமி உனக்குத் துணை நிற்கட்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. கடைக்கு இன்னும் பூக் கேட்கவே இல்லை என்பதை மறந்துவிடாதே. நீ வந்த பிறகு நாம் இருவருமாகப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அய்யன்
அங்கமுத்து