நீ அனுப்பின வேட்டைப் பை

டயகம, மேல் டிவிசன்
ஞாயித்துக்கெழம

என் ராசா வினோஜனுக்கு அம்மா எழுதுறது. ரோதமுனி சாமி புண்ணியத்துல நாங்க சொகமா இருக்கோம், நீயும் அந்த கத்தார் வெயில்ல வதங்காம சொகமா இருக்கணும்னு தெனமும் வெளக்கு வச்சு கும்புட்டுக்கிறேன். போன்ல பேசாம என்னாத்துக்கு கடுதாசின்னு கேப்ப. போன எடுத்தா உங்கப்பா பக்கத்துல காதத் தீட்டி வச்சுகிட்டு ஒக்காந்துக்கிறாரு, நான் வாயத் தொறந்ததும் புடுங்கி அதெல்லாம் ஒன்னுமில்ல மகேன்னு சொல்லி வச்சுப்புடுறாரு. அதான் லீவு முடிஞ்சு அங்க வார கொட்டகலை ஜீவராஜ் கையில இத குடுத்து விடுறேன். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா போகாதவ எழுத்து, கோணல் மாணலா தான் இருக்கும், பொறுத்துக்க.

எல்லாம் நீ அனுப்பின அந்தப் பையால வந்த வெனை. காட்டுப்பன்னி நம்ம லீக்ஸ் பாத்திய கிண்டிப் போட்டுருச்சுன்னு உங்கப்பா உன்கிட்ட அழுதது நெசந்தான். வேலி கட்ட கம்பி வாங்க எதாச்சும் செய்வன்னு பாத்தா, நீ வேட்டைச் சாமான அனுப்பி வச்சிருக்க. நெத்தியில மாட்டுற லைட்டு, பல வெதமா விரியிற கத்தி, தெச காட்டுற கருவி, கால்ல போடுற பெரிய சப்பாத்து, தண்ணி போகாத பை. அன்னையில இருந்து மனுசன் தரையில நிக்கல. பட்டப்பகல்ல நெத்தி லைட்ட போட்டுகிட்டு லயத்து வீட்டு வரிசையில இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடந்தாரு, கோயிலுக்குக் கூட அதோட தான் போனாரு. பக்கத்து காம்பரா வீட்டு அழகன் பொண்டாட்டி, அந்த வினோதா இருக்காளே, அவ வாய் சும்மா கெடக்குமா, அண்ணனுக்கு நெத்திச்சுட்டி நல்லா எடுப்பா இருக்குன்னு சொன்னா. அவருக்கு அதுவும் பெருமையா போச்சு. இப்படியே காட்டிக் காட்டி சார்ஜ தீத்துட்டு, போன மாசம் ஒரு சனிக்கெழம விடிய அழகனையும் நம்ம மணி நாயையும் கூட்டிக்கிட்டு பன்னி வெரட்டக் கெளம்பிட்டாரு. மானு மரைய தொட மாட்டோம், பன்னி மட்டுந்தான்னு எனக்கு சத்தியம் வேற.

நான் சொன்னேன், அட்டைக்கு உப்பும் சவுக்காரமும் எடுத்துக்கங்க, ரெண்டு ரொட்டி கட்டித் தாறேன், நெருப்புப் பெட்டிய பொலித்தீன்ல சுத்தி மடியில வைங்க, நான் கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுற படங்க மடிச்சு வைங்கன்னு. எல்லாம் மகேன் அனுப்பின பையில இருக்காம், அது நனையாதாம். பை நனையாது சரி, பைய தூக்குறவரு நனைவாரா இல்லையான்னு அவருக்கு யோசன போகல. இன்னொன்னும் இருக்கு. வேட்டைக்குப் போறவங்கள எங்க போறீங்கன்னு கேக்கக்கூடாது, கேட்டா பன்னி கண்ணுல படாதுன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்களே. அவரும் சொல்லல, நானும் நாக்கக் கடிச்சுகிட்டு வாசல்ல நின்னேன். வினோதாவும் அழகன கேக்கல.

மத்தியானமே மூடுபனி எறங்கி மழை புடிச்சிருச்சு. வெளக்கு வைக்கிற நேரம் மணி மட்டும் உடம்பெல்லாம் முள்ளோட தனியா வந்து நிக்குது. லயத்து ஆம்பளைங்க டோர்ச்ச எடுத்துகிட்டு எந்தப் பக்கம் அக்கா போனாங்கன்னு என்கிட்ட கேக்குறாங்க, நான் என்னத்த சொல்லுவேன். பாதிப் பேரு ஆத்துப் பக்கம் போனாங்க, பாதிப் பேரு பைனஸ் மரக்காட்டுப் பக்கம் போனாங்க. அவங்க இருந்ததோ அஞ்சாம் நம்பர் மலைக்கு மேல இருக்குற காட்டுல. விடிஞ்சும் வரல. நான் கோயில் படியில கெடந்தேன், வினோதா தான் புள்ளைங்களுக்கு தேத்தண்ணி ஊத்திட்டு ஓடி வந்து என்ன புடிச்சு உலுக்குறா, அக்கா ரப்பர் கருகுற நாத்தம் வருதுக்கான்னு. மழைக்கு வெறகு புடிக்காட்டி நம்ம அடுப்புல டியூப் துண்டு போடுவோம்ல, அந்த நாத்தம். அவ மூக்கு அப்படி, நம்ம வீட்டுல கருவாடு பொரிச்சா எந்தக் கருவாடுன்னு அங்க இருந்தே சொல்லுவா. அந்த நாத்தத்த புடிச்சுகிட்டே மேல ஏறுனோம், ஒரு பள்ளத்துல ரெண்டு பேரும் கெடக்குறாங்க.

உன் சப்பாத்து பாசியில வழுக்கி உங்கப்பாவுக்கு கணுக்கால் பெரண்டுருச்சு. அழகன் அவர தனியா விட்டுட்டு வரல, அந்தப் புண்ணியவான நீ மறக்காத. போன்ல சிக்னல் இல்ல. லைட்டு பொழுது சாயவே அணைஞ்சு போச்சு. தெச காட்டுற கருவி கையில இருந்துச்சு, பாக்கத் தெரிஞ்சாத் தானே. கத்தி பத்து வெதமா விரிஞ்சும் ஒரு கொப்ப வெட்டல, அழகனோட தேயிலைக் கவ்வாத்துக் கத்தி தான் வெட்டுச்சு. அவன் பீடிக்கு வச்சிருந்த லைட்டர் ஒன்னு தான் நனையாம இருந்துச்சு. அந்தப் பீடிக்காக அவன நான் எத்தன தடவ வஞ்சிருப்பேன், இப்ப வாயத் தொறக்க முடியல. ஈரக் குச்சி புடிக்கலன்னு சப்பாத்து அடிய அறுத்துப் போடுவோம்னு அழகன் சொன்னானாம். உங்கப்பா சப்பாத்தக் கட்டிப் புடிச்சுகிட்டு குடுக்க மாட்டேன்னுட்டாராம். கடைசியில அவன் தன்னோட ரப்பர் செருப்ப எரிச்சுகிட்டு வெறுங்காலோட குளுருல நடுங்கி கெடந்திருக்கான். காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தமா கெடந்த உங்கப்பா என்னயப் பாத்து மொதல்ல சொன்னது என்னான்னு தெரியுமா?

"சப்பாத்துக்கு ஒன்னும் ஆகல புள்ள. மகேன்கிட்ட சொல்லிறாத."

நான் அழுவனா அடிப்பனா நீயே சொல்லு.

இதோட புத்தி வந்துரும்னு பாத்தா, கால் வீக்கம் வத்தி இன்னைக்கு காலையில மறுபடியும் பை தோள்ல ஏறிருச்சு. நான் வாசல்ல குறுக்க நின்னு, லயமே கேக்குற மாதிரி, எங்க போறீங்கன்னு கேட்டுட்டேன். நான் கன்னத்துல அறஞ்ச மாதிரி பாத்தாரு. உள்ள போய் ஒக்காந்து, தண்ணி குடிச்சு, சகுனத்த மாத்திக்கிட்டு மறுபடி எந்திரிச்சாரு. மறுபடி கேட்டேன். நீ பொண்டாட்டியா பொலிசான்னு கத்துனாரு. கத்துங்க, எங்க போறீங்கன்னு சொல்லிட்டு கத்துங்கன்னேன். அந்தப் பக்கம் வினோதாவும் அழகன நிறுத்தி அதையே கேக்குறா, அவன் சிரிக்கிறான். வேற வழி இல்லாம உங்கப்பா தரையப் பாத்துகிட்டே சொன்னாரு.

"அஞ்சாம் நம்பர் மலைக்கு மேல. ஊத்துக்கு அந்தப் பக்கம் போக மாட்டோம். பனி எறங்க முன்ன வந்துருவோம். போதுமா?"

போதும்னு சொல்லி உப்பு, ரொட்டி, படங்கு எல்லாத்தையும் நானே அந்தப் பையில திணிச்சு விட்டேன். இப்ப இத எழுதிக்கிட்டு இருக்கையிலேயே மணி குலைக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். ரெண்டு பேரும் தேயிலைக்குள்ள எறங்கி வாறாங்க. பன்னியும் இல்ல, ஒரு மசுரும் இல்ல. நான் கேட்டதால தான் இப்படின்னு ராத்திரி பூரா வையிவாரு, வையட்டும். சொன்ன எடத்துல இருந்து சொன்ன நேரத்துக்கு வந்துட்டாருல, எனக்கு அது போதும்.

அவரு உனக்கு போன் பண்ணி என்ன பத்தி பெராது சொல்லுவாரு, அவரு பக்கம் பேசுனா உன்னய சும்மா விட மாட்டேன். இனிமே சாமான் ஒன்னும் அனுப்பாத, அழகனுக்கு மட்டும் ஒரு நல்ல சோடி செருப்பு ஜீவராஜ் அடுத்த தடவ வரையில குடுத்து விடு. நீயும் வெள்ளிக்கெழமையில கூட்டாளிங்களோட பாலைவனத்துக்கு போறியாம். எந்தப் பக்கம் போற, எப்ப வருவன்னு ஒரு வார்த்த போட்டுட்டு போ. சொல்லாட்டி நான் கேப்பேன், சகுனம் கெட்டுச்சுன்னு கோவிச்சுக்காத. நேரத்துக்கு சாப்புடு. ஆத்தா மாரியம்மா உன் கூடவே இருப்பா.

அப்பாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்குற
உன் அம்மா
நாகலெட்சுமி