திருப்பதி காருக்குப் பாட்டு டேப்

சித்திரை 3, வெள்ளி

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. எங்கள் ஊர்க் கோட்டைப் பாறையின் சூடு கடைத்தெரு வரைக்கும் அடிக்கிறது. திங்கட்கிழமை வாடகைக் காரில் குடும்பத்தோடு திருப்பதி. மாமனாருக்கு மொட்டை வேண்டுதல். வழியில் கேட்கப் பாட்டுப் பிடிக்கிற வேலை என் தலையில். கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிகார்டரை ரேடியோ முன்னால் வைத்து, நல்ல பாட்டு வந்தால் அமுக்க வேண்டும். அப்போது பார்த்துத்தான் மாமியாருக்குப் புளி ஜாடி எங்கே என்று கேட்கத் தோன்றும். இரண்டு பாட்டுக்கு நடுவே அவர் குரலும் பதிந்துவிட்டது.

மாமனார் உத்தரவு: முதலில் பிள்ளையார் பாட்டு. சோகம் கூடாது. டூயட் கூடவே கூடாது. "சாமிக்குப் போற வண்டியில இன்னா காதல் வேண்டிக்கெடக்குது?"

கொழுந்தனாருக்கு டூயட் மட்டும்தான் வேண்டும்.

சித்திரை 5, ஞாயிறு

மத்தியானம் வரை கரண்ட் இல்லை. ஒரு பாட்டும் ஆகவில்லை.

ஆரணி வழியாகத்தான் போகிறோம். அங்கே அம்மா இடுப்பு முறிந்து படுக்கையில். பொங்கலுக்கு அப்புறம் பார்க்கவில்லை. மாமியார் சொல்கிறார், வேண்டுதல் வண்டி நடுவில் யார் வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாதாம். சரி, வரும்போது? சாமி பார்த்தால் நேராக நம் வீடுதானாம். என்ன நியாயமோ!

சாயங்காலம் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து இவரிடம் கெஞ்சினேன். வீண்.

சித்திரை 7, செவ்வாய்

திரும்பியாயிற்று. உடம்பு வலி. மனசு அதைவிட.

போகும்போது ஆரணிக்குக் கொஞ்சம் முன்னால் முருகன் பாட்டு முடிந்தது. உடனே டேப்பில் என் குரல். அன்று கெஞ்சும்போது நிறுத்த மறந்திருக்கிறேன், பாவி.

"அம்மாவ ஒரு பார்வ பாத்துட்டு வந்துடறேன். மாமாகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

அப்புறம் இவர்: "நைனாகிட்ட நான் எப்டி கேக்கறது? உங்கம்மா எங்க ஓடிடப் போறாங்க?"

டிரைவர் மட்டும் சிரித்தார். முன் சீட்டில் மாமனார் திரும்பவே இல்லை. இப்போதாவது நிறுத்தச் சொல்வார் என்று அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தெருமுனை வந்தது, போனது. வேகம்கூடக் குறையவில்லை.

வரும்போதும் அதே. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமனார் தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

சித்திரை 8, புதன்

காலையிலேயே மாமியார்: "அந்தப் பேச்ச அழிச்சிடு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகச்சொல்ல சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க, டேப்ப போடணும்." இவரும் தலையாட்டினார்.

அழித்தேன். நான் கெஞ்சின இடத்தில் இப்போது கொஞ்சம் நாதஸ்வரம்.

இவர் சொன்ன பதிலைத் தொடவில்லை. எல்லாரும் வரட்டும்.